சத்தமில்லாத துட்டி

காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, கோடிமுனை மீன் ஏலக்கூடத்தில் ஒரு வாக்கு செத்தது.

"சாப்டாச்சா?" என்று கேட்டதற்காக.

கேட்டவர் ஏலக்காரர் சூசை. கேட்கப்பட்டவள் நண்டுக் கூடையோடு வரிசையில் நின்ற பொன்னுத்தாய். இருபது வருடமாக தினமும் கேட்கிற கேள்விதான். மூன்று வாரமாக வாயைக் கட்டிக்கொண்டிருந்த சூசைக்கு நாற்பதாவது நாள் பழக்கதோஷத்தில் நழுவிவிட்டது.

பொன்னுத்தாய் கண்களை மூடினாள். உதடு துடித்தது. மூன்று எண்ணுவதற்குள் கன்னத்தில் நீர் இறங்கியது. அந்த நொடியில் சூசையின் காதுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்த பச்சைப் புள்ளி பொசுக்கென்று அணைந்தது.

கூடமே உறைந்து நின்றது. தராசில் வைத்த வஞ்சிரம் மட்டும் ஒருமுறை வாலை அடித்தது.

"எம்மா, நான் என்ன கேட்டுட்டேன்? சாப்டியான்னுதான கேட்டேன்?" சூசை காதைத் தடவிக்கொண்டே நின்றார்.

பொன்னுத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தப்பா எடுத்துக்கிடாதீய அண்ணாச்சி. எங்கம்மா சாவுற அன்னைக்கு என்கிட்ட கடைசியாக் கேட்டது அதான்." கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். திரும்பும்போது அவள் உதட்டோரம் லேசாகச் சுழித்ததை பிரிஜித்தா பார்த்துவிட்டாள்.

பிரிஜித்தா படகு ஒன்றுக்குத் தார்ப்பாய் அளவெடுக்க வந்தவள். அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, யாரிடமும் எதுவும் பேசாமல் வெளியே வந்தாள். அவளுடைய கை தானாகவே காதுக்குப் பின்னால் போயிற்று. சூடாக இருந்தது. எரிகிறது.

கலங்கரை விளக்கின் மேல் இருந்த பெரிய பலகையில் எண்கள் மாறின. சுவர் 3,131. மேடு 3,126.

இன்று மாலை ஆறு மணியோடு எல்லாம் முடிகிறது.

நாற்பது நாளுக்கு முன் நாடு முழுவதும் ஒரே நாளில் நடந்த வாக்கெடுப்பு அது. ஏறிவரும் கடலுக்கு எதிராகச் சுவர் கட்டிக்கொண்டு இருப்பதா, ஊரைக் காலி செய்துகொண்டு உள்நாட்டு மேட்டுக்குப் போவதா? கடலோர ஊர் ஒவ்வொன்றின் விதியையும் அந்த ஊர்க்காரர்களின் வாக்கே தீர்மானிக்கும். சமமாக வந்தால் மேடு.

இதற்கு முந்தைய வாக்கெடுப்பு முடிந்த வாரத்தில் நாட்டில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் ஒருவர் வீட்டை ஒருவர் கொளுத்தினார்கள். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் தோழனே மாப்பிள்ளையைக் குத்தினான். அதனால் இந்த முறை அரசு ஒரு கருவியோடு வந்தது. நோமானி.

துவரம்பருப்பு அளவில் ஒரு பொத்தான். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். மனம் நோகும்போது ரத்தத்தில் ஊறும் ஒருவகைச் சுரப்பை அது மோப்பம் பிடிக்கும். அந்த நேரத்தில் அணிந்தவரை நோக்கி வந்த குரல் யாருடையது என்றும் பார்க்கும்; பக்கத்தில் நிற்பவரிடம் பேசியது கணக்கில் வராது. குரலுக்குச் சொந்தக்காரர் எதிர்த்தரப்பு என்றால் அவருடைய வாக்கு அவிந்துபோகும். நாற்பது நாள். நாற்பது நாளும் எதிர்த்தரப்பில் யாரையும் நோகடிக்காமல் இருப்பவரின் வாக்குதான் கடைசிக் கணக்கில் சேரும். பொத்தானைத் தோலைவிட்டுக் கழற்றினால் கழற்றியவரின் சொந்த வாக்கு போய்விடும்.

வார்த்தையை அது அளக்கவில்லை. வலியை அளந்தது. வலியை நடிக்க முடியாது என்று விஞ்ஞானிகள் அடித்துச் சொன்னார்கள்.

முதல் பத்து நாள் சொர்க்கம். தெருவெல்லாம் புன்னகை. சுவர்க்காரர் வீட்டுப் பிரியாணி மேட்டுக்காரர் வீட்டுக்குப் போனது.

பதினோராவது நாள், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த தனுஷ்கோடி மாஸ்டர் ஒன்றைக் கண்டுபிடித்தார். வலியை நடிக்கத்தான் முடியாது. பழகலாம்.

"ஒரு துக்கத்த எப்பவும் கைவசம் வச்சிருக்கணும்," என்று அவர் மேட்டுக்காரர்களுக்கு வகுப்பு எடுத்தார். "எதிராளி வாயத் தொறந்த ஒடனே அத எடுத்து விரிக்கணும். அவன் என்ன சொன்னாங்கிறது முக்கியமில்ல. அவன் சத்தம், ஒங்க வலி. ரெண்டும் ஒரே நேரத்துல விழணும். அவ்வளவுதான். எங்க, செஞ்சு பாப்போம்."

நோவுப் பள்ளி என்று ஊர் அதற்குப் பெயர் வைத்தது. ஒரே வாரத்தில் சுவர்க்காரர்களும் ஒரு பள்ளி திறந்தார்கள். அதன்பிறகு வணக்கம் சொன்னவனின் வாக்கு செத்தது. வழி கேட்டவனின் வாக்கு செத்தது. ஊர் வாயை மூடிக்கொண்டது. கடையில் விரலைக் காட்டிச் சாமான் வாங்கினார்கள். பள்ளிவாசல் தெருவில் ஒரு கல்யாணம் சைகையிலேயே நடந்து முடிந்தது.

இருபத்திரண்டாவது நாள்தான் உச்சம். ஒரு மேட்டுக்காரர் வீட்டில் சாவு. துட்டி கேட்கப் போன ஏழு சுவர்க்காரப் பெண்கள் வாசலிலேயே குரலெடுத்து அழுதார்கள். அந்த ஊரில் துட்டி என்றால் அப்படித்தான். தெருமுனையில் அழுகையைத் தொடங்கி, உள்ளே போய், வீட்டுக்காரியைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அரற்ற வேண்டும். செத்த வீட்டுக்காரி எந்தப் பள்ளிக்கும் போனதில்லை. உண்மையாகவே வலியில் இருந்தாள். கருவிக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஏழு பச்சைப் புள்ளிகளும் வரிசையாக அணைந்தன. பிறகு துட்டிக்குப் போகிறவர்கள் மாலையைப் போட்டுவிட்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

ஊரில் பழையபடி பேசிக்கொண்டிருந்தவர்கள் இரண்டே பேர்.

"வந்துட்டாளா சுவரு நாச்சியா? தார்ப்பாய் அளவெடுக்கப் போனியா, இல்ல கடல அளக்கப் போனியா?"

கடைக்குள் நுழையும்போதே சங்கரவடிவின் குரல் வந்தது. தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"கடல அளந்தாச்சு. ஒன் வாயி அளவுதான் இன்னும் கெடைக்கல," என்றாள் பிரிஜித்தா.

முப்பது வருடமாக இருவரும் சேர்ந்து படகுகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறார்கள். பிரிஜித்தா வெட்டுவாள், வடிவு தைப்பாள். பிரிஜித்தா சுவர். அவள் புருஷன் லாரன்ஸின் கல்லறை கடலிலிருந்து நாற்பது எட்டில் இருக்கிறது. ஊர் காலியானால் ஒரே மழைக்காலத்தில் அது தண்ணீருக்குள் போய்விடும். வடிவு மேடு. அவள் புருஷன் சண்முகையா பக்கவாதத்தில் ஆறு வருடமாகப் படுக்கையில் கிடக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் கடல் உள்ளே வந்த அன்று, மார்பளவுத் தண்ணீரில், கதவுப் பலகையில் கிடத்தித்தான் அவரைக் காப்பாற்றினார்கள். பலகையின் தலைமாட்டை வடிவு பிடித்தாள். கால்மாட்டைப் பிடித்தவள் பிரிஜித்தா.

"அடுத்த தடவ என்னால முடியாது ளா," என்று வடிவு வாக்கெடுப்பு அன்றே சொல்லிவிட்டாள். பிரிஜித்தாவும் தன் பக்கத்தைச் சொல்லிவிட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஏச்சு மட்டும் தொடர்ந்தது.

"ஒன் சுவரு இடிஞ்சு ஒன் தலையிலயே விழும், பாத்துக்கோ."

"விழட்டும். ஒன் மேட்டுல வந்து காலை நீட்டிப் படுத்துக்கிடுதேன். நீதான் சோறு போடணும்."

"விஷத்தப் போடுதேன்."

"ஒன் கொழம்புல அது தனியா வேணுமாக்கும்."

இவர்களின் நோமானிகள் பழுதோ என்று தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி வந்து சோதித்தார். வடிவின் பொத்தானை ஒரு மீட்டரில் இணைத்து, விரலில் ஊசியால் குத்தினார், மீட்டரின் முள் துள்ளியது. பிரிஜித்தாவை விட்டு வடிவைத் திட்டச் சொன்னார். பிரிஜித்தா கால்மணி நேரம் திட்டினாள். முள் அசையவே இல்லை. வடிவு கொட்டாவி விட்டாள். அதிகாரி வெகுநேரம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கருவி சரியாகத்தான் இருக்கிறது," என்று எழுதிக்கொண்டு போனார்.

அன்று மதியம் புருஷனுக்குக் கஞ்சி கொடுக்க வடிவு கிளம்பினாள். "அந்த நீலப் பாயை வெட்டி வையி. கோணலா வெட்டுன, கையை ஒடிச்சிருவேன்."

பிரிஜித்தா நேராகத்தான் வெட்டிக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு எதிர்க்கடைக்காரர் வந்து வாசலில் நின்று, இரண்டு கைகளையும் விரித்து, கண்களை மூடிக் காட்டினார். சைகையிலேயே செய்தி வந்தது. சண்முகையா போய்விட்டார்.

கத்தரிக்கோல் பாயில் பாதியில் நின்றது.

புடவையைச் சரிசெய்துகொண்டு அவள் தெருவில் இறங்கியபோது எதிரே சுவர்க் குழுச் செயலாளர் பவுல்ராஜ் ஓடி வந்தான். ஒரே தரப்பு என்பதால் அவர்களுக்குள் பேசிக்கொள்ளலாம்.

"யக்கா, எங்க போறீய?"

"இது என்னல கேள்வி? துட்டிக்கு."

"போவாதீய." அவன் குறுக்கே நின்றான். "பலகையப் பாத்தீயளா?"

சுவர் 3,120. மேடு 3,118.

"நீங்க போயி வாயத் தொறந்தா நம்மள்ள ஒண்ணு போச்சு. இன்னொண்ணு போனாச் சமம். சமம்னா மேடு. தனுஷ்கோடி மாஸ்டர் அங்க போயி வாசல்ல நாற்காலியப் போட்டு உக்காந்துட்டான், யக்கா. ஒங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கான். ஆறு மணி தாண்டிப் போங்க. மூணு மணி நேரந்தான."

"ஏல, அவ தனியா இருப்பா."

"மூவாயிரம் பேரு இருக்கோம், யக்கா. லாரன்ஸ் அண்ணாச்சியும் இங்கனதான இருக்காவ."

கடைசி வார்த்தை அவளைப் பிடித்து நிறுத்தியது. கடைக்குத் திரும்பி, பாதி வெட்டிய நீலப் பாயின் முன்னால் உட்கார்ந்தாள். நான்கு மணி. நான்கரை. லாரன்ஸ் இறந்த அன்று வடிவு வந்தது நினைவுக்கு வந்தது. தெருமுனையிலேயே அவள் அழுகை கேட்டது. எல்லோருக்கும் முந்தி வந்தவள் அவள்தான். அன்று அழுத அழுகையில் ஒரு வாரம் அவளுக்குக் குரலே வரவில்லை. சைகையில்தான் திட்டினாள்.

ஐந்து மணிக்குச் சங்கு ஊதியது. பலகையில் கடைசியாக எண்கள் மாறின. சுவர் 3,118. மேடு 3,117. பிறகு பலகை இருண்டது. கடைசி ஒரு மணி நேரம் கணக்கைக் காட்டமாட்டார்கள். கலவரம் வரக்கூடாதென்று சட்டம்.

ஒன்று. ஒரே ஒரு வாக்கு.

ஐந்து இருபதுக்கு பிரிஜித்தா எழுந்துவிட்டாள். பவுல்ராஜ் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் தடுக்கவில்லை. வாயைக் கட்ட ஒரு துணிப்பட்டையை நீட்டினான். அதைத் தட்டிவிட்டு, முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு நடந்தாள்.

தெருமுனை வந்தது. அழுகையைத் தொடங்க வேண்டிய இடம். துணியைக் கடித்தாள்.

வாசலில் தனுஷ்கோடி மாஸ்டர் எழுந்து நின்று வழிவிட்டார். கண்கள் பளபளத்தன. உள்ளே பதினைந்து இருபது பெண்கள். ஒரு சத்தம் இல்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து முப்பத்தெட்டு.

சண்முகையாவின் தலைமாட்டில் வடிவு உட்கார்ந்திருந்தாள். தலைமுடி அவிழ்ந்து இரண்டு காதுகளையும் மூடித் தோளில் கிடந்தது. வலது கை முட்டி இறுகியிருந்தது. பிரிஜித்தாவைப் பார்த்ததும் அவள் முகம் குழந்தையைப்போல் கோணியது. இரண்டு கைகளையும் விரித்தாள்.

பிரிஜித்தா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

"போயிட்டாவ ளா," என்றாள் வடிவு, அவள் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு. "கஞ்சிய வாயில வச்சேன். முழுங்கல. அப்படியே பாத்துக்கிட்டே இருந்தாவ."

பிரிஜித்தா அவள் முதுகைத் தடவினாள். துணி வாயில் ஊறிக் கசந்தது.

"என்னளா, ஒண்ணும் சொல்லமாட்டியா?"

தடவினாள்.

"ஒரு வார்த்தை சொல்லு. ஏசக்கூடச் செய்யி. சும்மா சொல்லு, ஒண்ணும் ஆவாது." வடிவு அவளைத் தள்ளிப் பிடித்து முகத்தைப் பார்த்தாள். "ஒன் சத்தத்தக் கேக்கணும் ளா எனக்கு."

வாசலில் மாஸ்டர் ஓர் அடி முன்னால் வந்தார்.

அப்போதுதான் பிரிஜித்தாவுக்குள் அந்த எண்ணம் வந்தது. ஏன் இப்படிப் பேசச் சொல்லுகிறாள்? ஒண்ணும் ஆவாது என்று எதற்காகச் சொல்லுகிறாள்? இது மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததா? எழுந்த வேகத்திலேயே அந்த எண்ணம் அவளைத் திடுக்கிட வைத்தது. முப்பது வருடத்தில் வடிவைப் பற்றி ஒருபோதும் அவளுக்குள் வராத எண்ணம். ஆனால் வந்துவிட்டது. வந்ததும், அவளுடைய கண்கள் அவளைக் கேட்காமலே மேலே போயின.

கடிகாரத்துக்கு. ஐந்து ஐம்பத்தொன்று.

திரும்பி வந்தபோது வடிவின் கண்களும் கடிகாரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன.

பிரிஜித்தாவின் தோள்களைப் பிடித்திருந்த கைகள் மெல்ல விலகின. வடிவு திரும்பி, புருஷனின் நெற்றியில் கலைந்திருந்த திருநீற்றைச் சரிசெய்தாள். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. ஒன்பது நிமிடம். பிரிஜித்தாவின் வாழ்க்கையில் அவ்வளவு நீண்ட ஒன்பது நிமிடம் இருந்ததில்லை. மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

ஆறு மணிச் சங்கு ஊதியது.

பிரிஜித்தா வாயிலிருந்து துணியைப் பிடுங்கி எறிந்தாள். மூன்று மணி நேரம் அடக்கி வைத்தது மொத்தமும் வெளியே வந்தது. "ஐயோ, அண்ணாச்சி! கதவுப் பலகையில தூக்கிட்டு வந்தோமே, இன்னொரு தடவ தூக்க விடாமப் போயிட்டீயளே!" அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு வடிவின் மேல் சாய்ந்தாள்.

வடிவு அசையவில்லை. சாய்ந்தவளைத் தாங்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

கலங்கரை விளக்கிலிருந்து ஒலிபெருக்கி முழங்கியது. "கோடிமுனை, இறுதிக் கணக்கு. சுவர் மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டு. மேடு மூவாயிரத்து நூற்றுப் பதினாறு. சுவர் வென்றது."

வெளியே ஒரு கூச்சல் எழுந்து, சாவு வீடு என்ற ஞாபகம் வந்து அடங்கியது.

"பதினாறா?" மாஸ்டரின் குரல் கீச்சிட்டது. "அஞ்சு மணிக்குப் பதினேழுல்லா இருந்திச்சு? நம்மள்ல யாருக்கு அவிஞ்சது? யாரு இங்க வாயத் தொறந்தது?"

மேட்டுக்காரப் பெண்கள் ஒவ்வொருவராகக் காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். எல்லாப் புள்ளிகளும் எரிந்தன.

வடிவு வலது கை முட்டியைத் திறந்தாள்.

உள்ளங்கையில் துவரம்பருப்பு அளவில் ஒரு கறுத்த பொத்தான் கிடந்தது. வெகுநேரம் அழுத்தியிருந்ததில் சதையில் வட்டமாகக் குழி விழுந்திருந்தது.

பிரிஜித்தாவின் அழுகை பாதியில் அறுந்தது. முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"அஞ்சேகாலுக்குக் கழட்டுனேன்," என்றாள் வடிவு, பொத்தானைப் பார்த்துக்கொண்டே. "இவியளே போனப்புறம் எனக்கு என்னத்துக்கு மேடு. பிரிஜித்தா வருவா, சத்தம் போட்டு அழுவா, அவ வாக்கு எதுக்கு அநியாயமாப் போவணும்னு நெனச்சேன்."

"ஏளா..." பிரிஜித்தா அந்தப் பொத்தானைத் தொட்டாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா. காதுல சொல்லியிருக்கலாம்லா."

"செத்த வீட்டுல அழணும்னு சொல்லிக் குடுக்கணுமா?"

அதில் கோபம் இல்லை. ஏலக்கூடத்தில் தெரியாத வியாபாரியிடம் விலை கேட்பதுபோல் இருந்தது. வடிவு முடியை ஒதுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டாள். பிறகு முப்பது வருடத்தில் முதல்முறையாக, "நேரமாச்சு. நீங்க கெளம்புங்க," என்றாள்.

பிரிஜித்தாவின் காதுக்குப் பின்னால் நோமானி கொதித்தது. அதிகாரியின் மீட்டரை வைத்திருந்தால் முள் உச்சிக்குப் போய் நின்றிருக்கும். மணி ஆறைத் தாண்டிவிட்டதால் அது எதையும் பதியவில்லை.

ஐந்து வாரம் கழித்து அதே அதிகாரி வந்தார். கடற்கரையில் சுவருக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். கடையில் வெட்டு மேசை மட்டும் இருந்தது. தையல் மிஷின் இருந்த இடத்தில் தரை வெளுத்துத் தெரிந்தது. அதிகாரியின் கையில் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ். நாற்பது நாளும் ஒருவரையொருவர் ஒருமுறைகூட நோகடிக்காத எதிர்த்தரப்பு நண்பர்கள் நாட்டிலேயே பதினோரு இணைகள்தான் என்று அவர் சொன்னார். அவற்றில் ஒன்று இந்தக் கடை.

"வாக்கைக் கைவிட்டாலும் பதிவு பதிவுதான். ஐந்தேகால் வரை ஓர் அசைவு இல்லை. அதன்பிறகு ஒன்றுமே பதிவாகவில்லை." அவர் பெருமையோடு சான்றிதழை மேசைமேல் வைத்தார். "இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிக்கொள்ள வேண்டும். உங்கள் தோழி எங்கே?"

பிரிஜித்தா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அவங்க மேட்டுக்குப் போயிட்டாங்க, சார்," என்றாள்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. கூட வேலை செய்தவளைப் பற்றி இவ்வளவு மரியாதையாகப் பேசுகிற ஒருத்தியை எந்த ஊரிலும் அவர் பார்த்ததில்லை. அதையும் குறித்துக்கொண்டார்.